மின்னல் இரைச்சலைக் கேட்கும் ஏற்பிகள்

மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் மின்னலில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, ஒரு நொடியின் சில பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இப்படிச் சட்டென எழுந்து தணியும் மின்னோட்டம், பல கிலோமீட்டர் நீளமுள்ள மின்னல் தடத்தையே ஓர் ஆன்டெனாவாக்கி, எல்லாத் திசைகளிலும் வானொலி அலைகளைப் பரப்புகிறது. அவற்றின் ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையில் மிகுந்திருப்பதால், 'மிகத் தாழ்ந்த அதிர்வெண்' எனப்படும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையே மின்னலை அளக்க ஏற்றதாகிறது.

இந்த அலைகள் தரைக்கும், பகலில் சுமார் 70, இரவில் சுமார் 85 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் அயனி மண்டலத்துக்கும் (சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற மெல்லிய காற்றடுக்குக்கும்) இடையே மாறி மாறி எதிரொளித்து, வலிமையை அதிகம் இழக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. உலகெங்கும் நொடிக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் தோன்றுவதால், வானம் தெளிந்திருக்கும் ஊரிலும் ஏற்பி ஓய்ந்திருப்பதில்லை.

கருவியின் அமைப்பு வியப்பளிக்கும் அளவுக்கு எளிது. ஒரு சட்டத்தில் பல சுற்றுகளாகச் சுற்றிய கம்பியின் ஊடே அலையின் காந்தப்புலம் மாறும்போது அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதை இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்று வலுப்படுத்துகிறது. வடக்கு-தெற்காக ஒன்றும் கிழக்கு-மேற்காக ஒன்றுமாக இரு சட்டங்களை நிறுத்தி, இரண்டிலும் கிடைக்கும் வலிமைகளை ஒப்பிட்டால் மின்னலின் திசைக்கோடு தெரியவருகிறது; அக்கோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து அலை வந்தது என்பதை மின்புலத்தை உணரும் செங்குத்துக் கம்பி தீர்மானிக்கிறது. இம்முறையில் முன்னோடியாக இருந்தவர், பின்னாளில் ரேடாரை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் வாட்சன்-வாட்.

இந்த அதிர்வெண்களில் பெரும்பகுதி மனிதச் செவி உணரும் எல்லைக்குள் இருப்பதால், பெருக்கியின் வெளியீட்டை ஹெட்ஃபோனில் நேரடியாகவே கேட்கலாம். பெரும்பாலான மின்னல்கள் தாளிக்கும் கடுகுபோலப் படபடவென வெடித்துக் கேட்கின்றன. இரவில் தொலைவிலிருந்து வருபவை மட்டும், தாழ்ந்த அதிர்வெண் பகுதி சற்றுப் பின்தங்கி வருவதால், 'ட்வீக்' என்னும் கீச்சொலியாகின்றன. அந்தக் கீச்சு சுமார் 1.7 கிலோஹெர்ட்ஸில் அறுபடுகிறது. தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையிலான உயரத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள அலையே அவ்வெல்லையாதலால், ஒளியின் வேகமான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை 1,700-இன் இரு மடங்கால் வகுக்க, அயனி மண்டலத்தின் அடிவிளிம்பு 88 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது தெரிகிறது. பலூன்கள் எட்டாத, செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற முடியாத அவ்வடுக்கைத் தரையில் நின்ற ஒரு கம்பிச்சுருள் அளந்துவிடுவதே இத்துறையின் தனிச்சிறப்பு.

முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கும் பணியில் இருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன், உச்சத்தில் தொடங்கித் தாழ்ந்து செல்லும் விசில் ஒலிகளைப் பற்றி 1919-இல் எழுதினார். மின்னலின் அலைகளில் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து, புவியின் காந்தப்புலக் கோடுகள் வழியே விண்வெளியில் பல ஆயிரம் கிலோமீட்டர் வளைந்து சென்று எதிர் அரைக்கோளத்தில் இறங்குகிறது. வழியில் உயர்ந்த அதிர்வெண்கள் முந்திவிடுவதால் ஒலி விசிலாகிறது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஓவன் ஸ்டோரி 1953-இல் இதை விளக்கியபோது, முதல் செயற்கைக்கோள் ஏவப்படுவதற்கு முன்பே, புவிக்கு வெகுதொலைவிலும் மின்னேற்றத் துகள்கள் நிறைந்திருப்பது உறுதியாயிற்று.

இன்று பல நாடுகளில் அமைந்த ஏற்பிகள் ஜி.பி.எஸ். கடிகாரத்தால் நேரத்தை இணைத்துக்கொண்டு, ஒரே துடிப்பு ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிடுகின்றன. அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் கடப்பதால், நேரக் கணிப்பில் சிறு பிழையும் இடத்தை நகர்த்திவிடும்.

கருவியைச் செய்வதைவிட அதற்கு அமைதியான இடம் தேடுவதுதான் கடினம். மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் பதிவை மூழ்கடிப்பதால், ஏற்பிகள் ஊரை விட்டு விலகி நிறுவப்படுகின்றன. நீர்மூழ்கிக் கப்பல்களுடன் தொடர்புகொள்ளும் கடற்படை நிலையங்களின் அலைகளும் இதே பட்டையில் குறுக்கிடுகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலிருந்து 18.2 கிலோஹெர்ட்ஸில் வரும் இந்தியக் கடற்படையின் அலை அவற்றுள் ஒன்று. ஆயினும் ஆய்வாளர்கள் அதை வடிகட்டி எறிவதில்லை. சூரியனில் வெடிப்பு நிகழும்போது அதன் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் பகல் பக்கத்துக் கீழடுக்கில் மின்னேற்றத்தை மிகுவிக்க, மாறா வலிமையுடன் ஒலிபரப்பாகும் அந்த அலை ஏற்பியில் சில நிமிடங்களுக்குள் ஏறியோ இறங்கியோ பதிவாகி, வெடிப்பின் தாக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது.