பழைய பதிப்பு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளியிட்ட செய்தி கணினி உலகை உலுக்கியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் வழியாகக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவர் துருவிப் பார்த்ததில் அது சிக்கியது.

டெபியன் லினக்ஸின் ‘ஸ்டேபிள்’ களஞ்சியத்தை நம்பியிருந்த சர்வர்கள் தப்பின. அங்கே இருந்தது பழைய 5.4.1. ‘லினக்ஸில் எல்லாமே பழசு’ என்று அலுத்துக்கொள்பவர்கள், அந்தப் பழசு எப்படிக் காக்கப்படுகிறது என்பதை அறிய வேண்டும்.

மூன்று படிகள்

புதிய பதிப்பு வந்ததும், அந்த மென்பொருளுக்குப் பொறுப்பேற்ற தன்னார்வலர் அதைப் பேக்கேஜாக்கி ‘அன்ஸ்டேபிள்’ களஞ்சியத்தில் சேர்க்கிறார். அவசரத்தைப் பொறுத்துப் பொதுவாக 2, 5 அல்லது 10 நாள் அது அங்கே காத்திருக்கும். அந்த மென்பொருள் ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்த ப்ராசஸர் வகைகளுக்கெல்லாம் புதிய பதிப்பும் பிழையின்றி உருவாக வேண்டும். அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள் கிடைக்க வேண்டும். கடுமையான புதுப் பிழை பதிவாகியிருக்கக் கூடாது. தேறினால் ‘டெஸ்டிங்’குக்குப் போகும். ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை, புதுவரவுகளை நிறுத்தி, பிழைகளைக் களைந்து, டெஸ்டிங்கையே அடுத்த ஸ்டேபிளாக வெளியிடுகிறார்கள். டெபியன் 12 என்பது 2023 ஜூனிலும், டெபியன் 13 என்பது 2025 ஆகஸ்டிலும் அப்படி வந்தவை.

எண் மாறாது, ஓட்டை அடைபடும்

2024 ஜூலையில், எஸ்எஸ்எச் வசதியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அந்த மென்பொருளை உருவாக்குபவர்கள் ஓட்டையை 9.8 பதிப்பில் சரிசெய்தார்கள். டெபியன் 12இல் இருந்ததோ 9.2. டெபியனின் பாதுகாப்புக் குழு 9.8க்குத் தாவவில்லை, திருத்தத்தை மட்டும் எடுத்து 9.2க்குள் பொருத்தியது. எண்ணின் வால் மட்டும் ‘டெப்12யு3’ என்று மாறியது. புதிய பதிப்போடு வரும் மற்ற மாற்றங்கள், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் அமைப்புகளைக் குலைத்துவிடக் கூடாது என்பதே காரணம். இது நுணுக்கமான வேலை. புதிய பதிப்பை அப்படியே தூக்கி வைப்பதைவிடக் கடினமானது.

காத்திருப்பு மட்டும் போதாது

எக்ஸ்இசட் 5.6 இந்தச் சோதனைகளைத் தாண்டி டெஸ்டிங் வரை வந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. இயந்திரங்கள் நடத்திய எந்தச் சோதனையும் அதைத் தடுக்கவில்லை. அன்ஸ்டேபிளைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஃப்ராய்ண்ட் என்ற மனிதர்தான் கண்டுபிடித்தார். காத்திருக்கும் நாட்களில் யாராவது கூர்ந்து பார்த்தால்தான் அந்த நாட்களுக்குப் பயன் உண்டு.

பின்வாங்குவதும் எளிதாக இல்லை. எண் கூடினால்தான் கணினிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் பழைய 5.4.5ஐ, ‘5.6.1+ரியலி5.4.5’ என்று 5.6.1ஐவிட உயர்ந்த எண்ணிட்டு அனுப்பினார்கள்.

சர்வர் வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணைத் துரத்தி வெளியிலிருந்து மென்பொருளை இறக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு மென்பொருள் புதிதாகத்தான் வேண்டுமென்றால், ஸ்டேபிளுக்கென்றே தயாராகும் ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தில் முதலில் தேடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் வேறொரு கணினியில் டெஸ்டிங்கை ஓட்டி, கண்ட பிழையைப் பதிவுசெய்யுங்கள். ஸ்டேபிளின் உறுதி அப்படிப் பதிவாகும் ஒவ்வொரு பிழையாலும் கூடுகிறது.