கரையானும் கிளவுடும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆணி ஜாஸ்தி. இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர், கொட்டாவி விடாம படிங்க :)

இங்க ஆராய்ச்சி ஆரம்பிக்கிறவங்க கையில ஒரு படிவத்தைத் திணிப்பாங்க. டேட்டா மேனேஜ்மென்ட் பிளான்னு பேரு. என்ன தரவு சேகரிக்கப் போறீங்க, எங்க வெப்பீங்க, யார் பார்க்கலாம், நீங்க போன பிறகு யார் பொறுப்பு, எத்தனை வருஷம் காப்பாத்தணும்... இப்படிப் போகும் கேள்விகள். ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி கடகடன்னு நிரப்பிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போறவங்கதான் அதிகம்.

என் ஆராய்ச்சி மேற்கு சிட்னி வெயில் பத்தினது. 2020 ஜனவரி 4 அன்னிக்கு இங்க பென்ரித்ல 48.9 டிகிரி அடிச்சது. நம்ம வேலூரே வெட்கப்படணும். வீடுகளோட கொல்லைப்புறத்துல சின்னச் சின்ன சென்சார் மாட்டி, எந்தக் கூரை, எந்த மரம் எவ்வளவு சூட்டைக் குறைக்குதுன்னு பார்க்குறது என் வேலை. எனக்கு முன்னாடி இதே மாதிரி அளந்த ஒருத்தரோட எக்செல் கோப்பு கைக்கு வந்துச்சு. ஆயிரக்கணக்கான வரிகள். தலைப்பு மட்டும் "டி1, டி2, டி2புதுசு".

டி2 கூரை மேலயா, மர நிழல்லயா? நேரம் சாதாரண மணியா, இல்ல கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்களே, அந்த மணியா? சொல்ல ஆளில்ல. அவர் பட்டம் வாங்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டார். எண் இருக்கு, அர்த்தம் இல்ல. ஒரு முழுக் கோடை வீண்.

இது கம்ப்யூட்டர் காலத்து வியாதின்னு நினைச்சேன். விசாரிச்சா, பரமட்டாவுல இதுக்கு இருநூறு வருஷக் கதை இருக்கு.

பரமட்டா பூங்காவுல பழைய கவர்னர் மாளிகைக்குப் பின்னாடி போனா கல்தூண்கள் நிக்கும். பார்பிக்யூ போட வர்ற கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காது. 1821ல கவர்னரா வந்த தாமஸ் பிரிஸ்பேன், சொந்தக் காசுல கட்டின வானாய்வுக்கூடத்துல மிச்சம் அதுதான். கருவிகளைத் தாங்கின கற்கள். ரூம்கர், டன்லப்னு ரெண்டு உதவியாளர்கள். என்கே வால்நட்சத்திரம் திரும்பி வரும்னு கணக்குப் போட்டிருந்தாங்க. 1822 ஜூன்ல அதைக் கண்டுபிடிச்சது ரூம்கர், இதே பரமட்டாவுல இருந்து.

பிரிஸ்பேன் 1825 கடைசியில கிளம்பிட்டார். இங்க எடுத்த அளவுகள் 7,385 நட்சத்திரங்களோட பட்டியலா அச்சானது 1835ல. ஆய்வுக்கூடமோ கவனிப்பார் இல்லாமக் கரையான் அரிச்சு, 1847ல மூடப்பட்டுடுச்சு. கட்டடம் போச்சு, பட்டியல் நின்னுச்சு. ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் குடுத்த நமக்கு இது புரியாதா என்ன!

அச்சுல வந்தா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்ல. டன்லப் தன் வீட்டுல இருந்து பார்த்து, 629 நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களும்னு 1828ல ஒரு பட்டியல் போட்டார். அப்புறம் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவுல உட்கார்ந்து அதே வானத்தைத் துழாவினார். அவருக்குக் கிடைச்சது ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். இன்னொருத்தர் சரிபார்க்க முடியாத தரவு எவ்வளவு பெருசா இருந்தும் என்ன?

இப்ப அப்படியே சென்னைக்கு வாங்க. மழைக்காலத்துல டிவியில "நுங்கம்பாக்கத்தில் இத்தனை செ.மீ." கேட்டிருப்பீங்கல்ல? அந்த வானிலை மைய வளாகம்தான் 1792ல கட்டின மெட்ராஸ் வானாய்வுக்கூடம் இருந்த இடம். அங்கயும் ஒரு கருங்கல் தூண் நிக்குது. ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவங்களுக்கும் தெரியட்டும்னு தமிழ் உட்படப் பல மொழிகள்ல அதுல வெட்டி வெச்சிருக்காங்க. மெட்டாடேட்டான்னா என்னன்னு யாராவது கேட்டா இனிமே இந்தத் தூணைக் காட்டிடலாம். 1796லயே அங்க வானிலைக் குறிப்பேடு ஆரம்பிச்சாச்சு. அங்க டெய்லர் போட்ட 11,015 நட்சத்திரப் பட்டியல் 1844ல வந்துச்சு.

சரி, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட தரவைக் குடுத்தா என்ன லாபம்? இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சத்துல இருக்கு. 1876-78ல தென்னிந்தியாவுல மழை பொய்த்து லட்சக்கணக்குல செத்தாங்க. அப்ப இந்திய வானிலைத் துறைத் தலைவரா இருந்த பிளான்ஃபோர்டு, சுத்தியிருக்கற நாடுகள்கிட்ட காற்றழுத்த அளவுகளைக் கேட்டார். அடிலெய்டுல இருந்த சார்லஸ் டாட் குடுத்தார். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான், கடும் வறட்சி ரெண்டு நாட்டுலயும் பெரும்பாலும் ஒரே சமயத்துல வருதுன்னு டாட் 1888ல சொன்னார். பிறகு கில்பர்ட் வாக்கர் தெற்கத்திய அலைவுன்னு பேர் வெச்சார். இன்னிக்கு எல் நினோன்னு நாம பேசுற கதைக்கு இதெல்லாம் ஒரு ஆரம்பம். ரெண்டு ஊர்க்காரங்களும் அவங்கவங்க நோட்டைப் பூட்டி வெச்சிருந்தா?

இப்ப விதிமுறைகள் வந்தாச்சு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நெறிமுறை 2018ல திருத்தப்பட்டது. அதோட வழிகாட்டிப்படி, ஆய்வு வெளியான பிறகு பொதுவா 5 வருஷமாவது தரவைக் காப்பாத்தணும். 2016ல வந்த ஃபேர் கொள்கைகள் நாலு விஷயம் கேக்குது: தேடினா கிடைக்கணும், அணுக முடியணும், மத்த தரவோட சேரணும், மறுபடி பயன்படணும்.

ஆனா எல்லாத்தையும் திறந்து விட்டுடவும் முடியாது. என் சென்சார்கள் இருக்கறது ஜனங்க வீட்டுல. எந்த வீட்டுல ஏசி கிடையாது, யார் எப்ப வீட்டுல இல்லன்னு அந்த எண்களை வெச்சே ஊகிக்கலாம். அதனால வெப்பநிலை பொதுவுக்கு, முகவரி பூட்டுக்குள்ள. முன்கூட்டியே சம்மதம் வாங்கிட்டா பின்னாடி தலைவலி இல்ல.

கிளவுடுல போட்டாச்சு, கவலையில்லன்னு சொல்றவங்களுக்கு: ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமா நம்பியிருந்த கிளவுட்ஸ்டோர் சேவை 2023 டிசம்பர்ல மூடப்பட்டது. முன்னறிவிப்பு குடுத்துத்தான் மூடினாங்க. ஆனா படிச்சு முடிச்சுப் போனவனோட கோப்பை யார் தேடி எடுத்து மாத்துறது? கரையானுக்கு இப்ப வேற வேற உருவம், அவ்வளவுதான்.

நான் செய்யறது இவ்வளவுதான். அசல் தரவைத் தொடவே மாட்டேன், நகல்லதான் வேலை. ரெண்டு வேறவேற இடத்துல பிரதி. கோப்புப் பேர்ல தேதி (ஃபைனல், நிஜஃபைனல் எல்லாம் கிடையாது!). ஒவ்வொரு அடுக்குலயும் ரீட்மீன்னு ஒரு கோப்பு: எந்தக் கருவி, எந்த இடம், எந்த மணி, என்ன அலகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷ வேலை. அடுத்து இங்க வர்ற பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையோட கோடை வீணாகக் கூடாது.

உங்க ஆய்வுக்கூடத்துல என்ன வழக்கம்? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "தீசிஸ் எத்தனை பக்கம் முடிஞ்சிருக்கு"ன்னு கேக்குற பின்னூட்டங்கள் மட்டுறுத்தப்படும் :)