மனு வாங்கிய மேசையிலிருந்து

ஒரு நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். "எங்கள் பகுதியில் சாக்கடைத் தொல்லை தாங்க முடியவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். எந்தத் தெரு, எந்த வீட்டு வாசல் என்று தேடினால் ஒரு வார்த்தை இருக்காது. சீல் வைத்துப் பொறியியல் பிரிவுக்கு அனுப்புவேன். "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் போகும். எதன் மேல் நடவடிக்கை என்பது எழுதியவருக்கும் தெரியாது, பதில் போட்டவருக்கும் தெரியாது.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மனு கொடுக்கும் பக்கம் வந்தாயிற்று. அதனால் பகுதி சபா கூடுகிறது என்றால் தவறாமல் போய்விடுகிறேன்.

கிராம சபை எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்கும் அப்படிப் பகுதி சபா என்று ஒன்று உண்டு என்று சொன்னால் எங்கள் அடுக்குமாடியிலேயே பாதிப் பேர் நம்பவில்லை. வார்டு குழுக்களுக்கு வழி செய்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1992இல் வந்தது. தமிழ்நாடு வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்குமான விதிகளை வெளியிட்டது 2022இல். முப்பது வருஷம்! அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் பகுதி சபாக்கள் முதன்முதலாகக் கூடின. சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொன்றையும் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் அத்தனை பேருக்கும் அங்கே பேச உரிமை உண்டு. கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

பேசுகிறோம், சரி. யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் நம் ஜனங்கள் தடுமாறுகிறார்கள். ஒரு கூட்டத்தில் பூக்கார அம்மா ஒருவர் எழுந்து, "மழை வந்தா எங்க சந்துல முட்டி அளவு தண்ணி நிக்குதும்மா, நாத்தம் தாங்கல" என்றார். கவுன்சிலர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார். அவர், "அது மெட்ரோ வாட்டர் லைன் மேடம்" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்துடையவை. அது 1978ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த தனி நிறுவனம். தெருவிளக்கு மாநகராட்சி, டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியம். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறை. மேன்ஹோல் பொங்கினால் வாரியம். வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சி. வீட்டுக் கழிவுநீரை யாராவது திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருந்தால்? அங்கேதான் இரண்டு இலாகாவும் ஒருவரையொருவர் கை காட்டும். அந்தச் சந்தில் நடந்தது அதுதான் என்று எனக்குப் பட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பாக்கட்டும், தேதி சொல்லுங்க" என்று கேட்டேன். தேதி கிடைத்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்தான், "வாயால சொன்னா ஆச்சா, நோட்டுல எழுதச் சொல்லுங்கக்கா" என்று இடித்தார். எழுதினார்கள்.

மனுவிலும் இதே கதைதான். எரியாத விளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். 1913க்குப் போன் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கையால் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த நகலைக் காட்டி, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணும் தேதியும் உள்ள காகிதத்தை மூடிவைப்பது கஷ்டம். உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

தெரு ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலந்தூரைச் சொல்லலாம். அது தனி நகராட்சியாக இருந்த காலம், 1990களின் கடைசி. பாதாளச் சாக்கடைக்குப் போதிய பணமில்லை. நகராட்சி குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியது. இணைப்புக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டச் சம்மதித்தார்கள். சங்கத்துக்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். திட்டம் நிறைவேறியது. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

பகுதி சபாவின் குறையும் சொல்ல வேண்டும். பகுதிப் பிரதிநிதிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கட்சிக்காரர்கள் அந்த நாற்காலிகளில் உட்காருவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பெண் கவுன்சிலர் இருக்கும்போது அவர் கணவர் மைக்கைப் பிடிப்பதும் சில இடங்களில் நடக்கிறது. "கவுன்சிலரம்மா பேசட்டும் சார்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் போதும், கொடுத்துவிடுவார். இருந்தாலும் 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்களே, அதை நினைத்தால் இந்தக் கூட்டம் எவ்வளவோ மேல். கேட்பதற்கு ஒரு முகம் இருக்கிறது.

அடுத்த பகுதி சபாவுக்குத் தெருவுக்கு நாலு பேராவது வாருங்கள். வந்ததும் முதல் வேலையாக, போன கூட்டத்தின் பதிவேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று வரிசையாகக் கேளுங்கள். புதுக் குறை அதற்கப்புறம்.