குட்டி யானைக்குத் தீனி

வெளி மாநில நகரங்களில் வாழும் நம்மவர் பலருடைய பிழைப்பு, பொழுது புலருமுன்னரே ஒரு சிறு சரக்கு வண்டியின் மீது ஏறி அமர்ந்துவிடுகிறது. மும்பையின் தாராவியில் அரைத்த இட்லி மாவு, மாதுங்காக் கடைவீதிக்குப் போகும் வாழையிலையும் பூவும், பெங்களூரின் புறநகர்களுக்குச் செல்லும் குடிதண்ணீர்க் கேன்கள், தில்லிக் காய்கறிச் சந்தையிலிருந்து சிறு கடைக்கு வரும் வெங்காய மூட்டை, இவையெல்லாம் ஏறி வருவது அந்த வண்டியில்தான். தமிழ்நாட்டில் அதைக் ‘குட்டி யானை’ என்கிறோம். இந்தி வழங்கும் ஊர்களில் ‘சோட்டா ஹாத்தி’ என்கிறார்கள். பொருள் ஒன்றே. ஆகையால் ஊர் மாறி வந்த தமிழருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத வடசொற்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

யானையை வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதன்றோ கடினம் என்பார்கள். குட்டி யானைக்கும் அப்பேச்சு பொருந்தும். கையிலுள்ள சேமிப்பை முன்பணமாகக் கொடுத்து, எஞ்சியதைக் கடனாகப் பெற்று, நகைகளையும் அடகு வைத்து இவ்வண்டியை வாங்கும் குடும்பங்கள் பல. எனவே வாங்குவோர் எதைக் கண்டு தேர்ந்தெடுக்கிறார்கள், வாங்கியபின் உண்மையில் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

வடக்கிலும் மேற்கிலும் எந்தச் சிறு சரக்கு வண்டியைக் கண்டாலும் ‘டெம்போ’ என்று சொல்லும் வழக்கத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஜெர்மானிய டெம்போ நிறுவனத்தின் உரிமத்தோடு பூனாவில் மூன்று சக்கர வண்டிகளைச் செய்த பஜாஜ் டெம்போ கம்பெனியால் ஏற்பட்ட பெயர் அது. அக்கம்பெனி 2005-இல் தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் டாடா நிறுவனத்தார் ‘ஏஸ்’ என்னும் நான்கு சக்கரக் குட்டி வண்டியை வெளியிட்டார்கள். இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின். 16 குதிரைத் திறன். அனுமதிக்கப்பட்ட சுமை முக்கால் டன். எண்களைப் பார்த்தால் அற்பமே. ஆயினும் பெரிய லாரிகள் பகலில் நுழையக் கூடாத நகரத் தெருக்களில் இது நுழைந்தது. மூன்று சக்கர வண்டி வைத்திருந்தவர்களுக்கு நான்காம் சக்கரம் ஒரு கௌரவத்தையும் தந்தது. நான்கு சக்கர வண்டி இருந்தால் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்று ஒரு கிராமத்து இளைஞர் சொன்னாராம்; இவ்வண்டியை உருவாக்கியவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். குதிரைத் திறனைவிட இந்த எண்ணமே விற்பனைக்குப் பெரிதும் உதவியிருக்கக் கூடும்.

பிறகு போட்டி வந்தது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது. அது ஒன்றேகால் டன் ஏற்றும். 2016-இல் மாருதியின் ‘சூப்பர் கேரி’ வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் கிராமச் சாலைகளிலும் மலைப் பகுதிகளிலும் பெயர் பெற்றது. எது சிறந்தது என்று எங்களைக் கேட்டால், வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டோம். ‘நீங்கள் ஏற்றப் போகும் சரக்கின் எடை என்ன?’ என்று திருப்பிக் கேட்போம்.

ஏனெனில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். பார்வைக்குச் சரக்குத் தொட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று கண்ணால் அளந்துவிட்டு முடிவு செய்கிறார்கள். தண்ணீர் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது லிட்டர் கேன் ஒன்று, தண்ணீரோடு சுமார் 21 கிலோ. முப்பத்தைந்து கேன்கள் ஏற்றினால் 735 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு அதுவே எல்லை. ஆனால் தொட்டியில் இன்னும் இடம் இருக்கிறதே! மேலே ஓர் அடுக்கு அடுக்கி, அறுபது கேன்கள் ஏற்றுகிறார். எடை 1,260 கிலோ ஆகிவிடுகிறது. சிமென்ட் மூட்டையானால் கணக்கு இன்னும் எளிது: 50 கிலோ மூட்டைகள் பதினைந்தே போதும், தொட்டியின் அடிப்பாகம்கூட நிறைந்து தோன்றாது. இதற்கு நேர்மாறாக, வாழையிலை, பூக்கூடை, பஞ்சு மெத்தை, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை ஏற்றுபவருக்கு எடை ஒரு பொருட்டே அன்று. அவருக்கு வேண்டியது நீளமான தொட்டி. அவர் சிறிய எஞ்சினும் பெரிய தொட்டியும் தேடலாம். தண்ணீர்க்காரரோ சிறு தொட்டியானாலும் உறுதியான அடிச்சட்டமுள்ள வண்டியைத் தேட வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும்: காலி எடை ஒன்று, சுமையோடு கூடிய மொத்த எடை ஒன்று. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவதே சட்டப்படி நீங்கள் ஏற்றத்தக்க பாரம். வாங்கியபின் இரும்புக் கூண்டு அடித்து, தடித்த தகடு பதித்து, மேலே கூரையும் போட்டீர்களானால், அந்த இரும்பின் எடை உங்கள் சரக்கின் பங்கிலிருந்துதான் கழியும். நாமக்கல் பட்டறைகளில் லாரிக் கூடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நம்மவருக்கு உறுதியான கூடு என்றால் ஒரு பிரியம் உண்டு. பெரிய லாரிக்கு அது சரி; முக்கால் டன் வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

மிகைச்சுமை ஏற்றுபவர்கள் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக்கொள்வது எல்லா ஊர்ப் பட்டறையிலும் நடப்பதே. வண்டி பின்னால் தாழாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பட்டை கூடியதால் பிரேக்கு கூடிவிடாது. பன்னிரண்டு அங்குல வட்டத்தின்மேல் ஓடும் சிறு டயரும், அச்சும் முன்பு இருந்தவையே. பூனாவிலிருந்து மும்பை போகும் மலைப்பாதை போன்ற நெடும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் அறிந்த பாடம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மிகைச்சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அறுபது கேன்களின் லாபத்தில் எத்தனை நாள் சேர்த்தால் இத்தொகை வரும் என்பதை அந்த வியாபாரியே கணக்கிடட்டும்.

இனி, சொந்த வண்டி அவசியந்தானா என்பதையும் கேட்டுவிடுவோம். மாதத் தவணை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வண்டி ஓடினால், விடிந்ததும் 560 ரூபாய் தவணைக்கென்று எடுத்து வைத்தாக வேண்டும். எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், காப்புறுதி, வரி, டயர் எல்லாம் இதற்கு மேலே. உங்கள் சொந்தச் சரக்கு காலையில் ஒரே நடைதான் என்றால், வாடகை வண்டியே மலிவு என்பது எங்கள் அபிப்பிராயம். இரண்டு மூன்று நடைகள் நிச்சயமாக இருப்பவருக்கும், மாவு, பால், பூ போல நேரந்தவறினால் கெட்டுவிடும் சரக்கு உடையவருக்கும் சொந்த வண்டி நியாயமே. வாங்கும்போது ‘மீதி நேரத்தில் வாடகைக்கு ஓட்டுவோம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடைமுறையில் பாதித் தூரம் வண்டி காலியாகத்தான் திரும்புகிறது. ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரமோ ஓடும் நேரத்தைவிட அதிகம். திரும்பு சுமை கிடைக்கும் தடத்தை முன்கூட்டியே அறிந்தவர்கள்தாம் இத்தொழிலில் நிலைக்கிறார்கள்.

எரிபொருள் விஷயம் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாடு வந்தபின் சிறு டீசல் எஞ்சின்களைச் செய்வது செலவு மிகுந்ததாயிற்று. பெட்ரோலும் இயற்கை எரிவாயுவும் குட்டி வண்டிகளில் இடம் பிடித்தன. தலைநகரப் பகுதியில் இருப்போர்க்கு வேறொரு கவலையும் உண்டு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தடுத்து 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025-இல் அவ்விஷயம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்து, ஆணையில் தளர்வு ஏற்பட்டது. அங்கே பழைய டீசல் வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், அது ஏன் மலிவு என்று கேட்டறிய வேண்டும். எரிவாயு வண்டி வாங்குவோர், நிரப்பு நிலையத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2022-இல் வந்த மின்சார ஏஸ் போன்றவை, தினந்தோறும் ஒரே தடத்தில் ஓடி ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வண்டிகளுக்கு ஏற்றவை.

சொந்த உபயோகத்துக்காக, இரட்டை வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பெரிய பிக்கப்புகளை வாங்குவோரும் இருக்கிறார்கள். ஆந்திரத்து ஸ்ரீ சிட்டியில் 2016 முதல் செய்யப்படும் இசுசூ வண்டி அவ்வகையைச் சேர்ந்தது. தோட்டமும் துரவும் உடையோர்க்கு அது பயன்படும். நகரத்தில் அதை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை.

சட்ட விஷயத்தில் இரண்டு சலுகைகளைப் பலர் அறியார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. சில மாதிரிகளின் மொத்த எடை அந்த எண்ணுக்குச் சற்றே கீழே நிற்பதன் ரகசியம் இதுவே. வரியும், தகுதிச் சான்றும், காப்புறுதியும் மட்டும் தவறாமல் இருக்கவேண்டும். தகுதிச் சான்றை எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பெற வேண்டும். மற்றொன்று, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸ் உடையவரே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதி செய்தது. லைசென்ஸைக் காரணங்காட்டி நஷ்ட ஈடு மறுக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆறுதல் இல்லை. ஆடி மாதக் கோயில் கொடைக்கும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக்கும் குட்டி யானையின் தொட்டியில் பாயை விரித்துக் குழந்தை குட்டிகளோடு பத்துப் பதினைந்து பேர் ஏறிச் செல்வதை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அயலூரில் நம்மவர் ஒன்று கூடுவதே அபூர்வம். பஸ்ஸுக்குக் காசு எதற்கு, வீட்டில்தான் வண்டி இருக்கிறதே என்று தோன்றுவது இயல்பு. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் காப்புறுதி உண்டு. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வரும் பயணிகளுக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கவிழ்ந்து ஒருவர் கால் இழந்தாலும், உயிர் இழந்தாலும், ஈட்டுத் தொகை வண்டிச் சொந்தக்காரரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். கேட்பவரோ அவருடைய தங்கையாகவோ, ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவோ இருப்பார். கைப்பிடியோ இருக்கையோ இல்லாத அத்தொட்டியில், சடுதியில் பிரேக் போட்டால் மூட்டை நகர்வது போல மனிதரும் நகர்வர். கயிறு கட்டியிருப்பது மூட்டைக்கு மட்டுந்தான்.

கடைசியாக, ஊரில் வாங்கி இங்கே ஓட்டுவோர்க்கு ஒரு வார்த்தை. சேலத்திலோ திருநெல்வேலியிலோ உறவினர் பெயரில் பதிவான வண்டியைக் கொண்டுவந்து பூனாவிலும் சூரத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. இதற்குப் பழைய அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும்; கடன் தீராத வண்டியானால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். 2021-இல் வந்த பாரத் வரிசை எண் சொந்த உபயோக வாகனங்களுக்கே உரியது. மஞ்சள் தகட்டுச் சரக்கு வண்டிக்கு அது கிடையாது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவரும் ஓட்டுபவரும் வேறாக இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.