கோபே நகரின் மூன்று ஒளிகள்



அலங்கார விளக்குகள் என்றதும் நமக்குக் கொண்டாட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் துக்கத்திலிருந்து பிறந்த ஓர் ஒளித்திருவிழா ஜப்பான் நாட்டின் கோபே நகரில் நடைபெறுகிறது. தனியாகப் பயணம் செய்யும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அதைக் காணச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவரோடு சேர்ந்து நாமும் சற்று நடப்போம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் கோபே பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,434 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 26 இலட்சம் வீடுகளில் மின்சாரம் நின்றுபோனது. கடுங்குளிரில் நகரம் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பர் மாதம், இறந்தவர்களின் நினைவாகவும் இருப்பவர்களின் ஆறுதலுக்காகவும் 'லூமினாரியே' என்ற ஒளித்திருவிழா முதன்முறையாக நடத்தப்பட்டது. அந்த ஓர் ஆண்டோடு முடித்துக்கொள்வதாகத்தான் எண்ணம். மக்கள் விடவில்லை. ஆண்டுதோறும் தொடர்ந்தது. கொரோனா காலத்தில் 2020 முதல் 2022 வரை நிறுத்தப்பட்டு, 2024 முதல் ஜனவரி மாதத்தையொட்டி நடைபெறுகிறது.

முதல் ஒளி: வளைவுகள்

லூமினாரியே என்பது இத்தாலியச் சொல். தென் இத்தாலியின் புலியா பகுதியில், பாதுகாவலரான புனிதரின் திருவிழாவுக்கு மரச்சட்டங்களில் விளக்குகளைப் பொருத்தி, தெருவெங்கும் வளைவுகளும் கோபுரங்களும் எழுப்புவார்கள். மின்சாரம் வருவதற்கு முன் எண்ணெய் விளக்குகளையே ஏற்றினார்கள். இந்தக் கத்தோலிக்க மரபைத்தான் வலேரியோ ஃபெஸ்தி என்ற இத்தாலியக் கலைஞர் ஜப்பானியரான ஹிரோகாசு இமாவோகாவுடன் சேர்ந்து கோபேக்குக் கொண்டுவந்தார். பங்குத் திருவிழாவின் ஒளி, துயருற்ற வேறொரு நாட்டின் கண்ணீரைத் துடைக்கச் சென்றது!

வளைவுகளின் கீழே குடும்பம் குடும்பமாக மக்கள் நிழற்படம் எடுக்கிறார்கள். நம் பயணியும் எடுக்கிறார். பக்கத்தில் பேச ஆளில்லை. அழகைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாதபோது அந்த அழகே சற்றுச் சுமையாகிறது அல்லவா? பலர் இங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். திரும்பினால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம்.

இரண்டாம் ஒளி: அணையாச் சுடர்

விழா நடைபெறும் ஹிகாஷி யூயென்சி பூங்காவிலேயே, கண்ணாடிக்குள் ஒரு சிறு சுடர் ஆண்டு முழுவதும் எரிகிறது. 'நம்பிக்கையின் ஒளி' என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று, பாதிக்கப்பட்ட ஊர்களிலிருந்தும் ஜப்பானின் 47 மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த தீயை ஒன்றாக்கி இதை ஏற்றினார்கள். அருகில் நிலத்தடியில் ஒரு நினைவறை உள்ளது. இறந்தவர்களின் பெயர்கள் அதன் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. உறவினர் வந்து அந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்கிறார்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் அழிந்த ரிக்குசென்தகாதா நகருக்கும் இந்தச் சுடரிலிருந்து தீ எடுத்துச் செல்லப்பட்டது. பாஸ்கா திருவிழிப்பில் ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு ஒளி பரவுவதை நாம் அறிவோம். கொடுத்த திரி குறைந்துபோவதில்லை. துன்பத்தைச் சந்தித்தவரே துன்பத்தில் இருப்பவருக்குச் சரியான துணை.

மூன்றாம் ஒளி: சாய்ந்த விளக்குகள்

துறைமுகத்தை ஒட்டிய மெரிக்கன் பூங்காவிலும் இப்போது விழா நடைபெறுகிறது. அங்கே உடைந்துபோன படகுத்துறையில் ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்தைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நடைபாதைக் கற்கள் பிளந்து நீரில் கிடக்கின்றன. விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி நிற்கின்றன. நகரம் முழுவதையும் கட்டியெழுப்பியவர்களுக்கு இந்தக் கம்பங்களை நிமிர்த்தத் தெரியாதா? காயம் ஆறினாலும் தழும்பை மறைக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லையே!

இவ்விழாவுக்கு வருவோரிடம் ஆளுக்கு 100 யென் நன்கொடை கேட்பது வழக்கம். சிறிய தொகைதான். ஆனால், இந்த விளக்கு எரிவதில் எனக்கும் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. தனியாக வந்த பயணியும் அந்தக் காசைப் போடுகிறார். அந்த நேரத்தில் அவர் அந்நியர் அல்ல.

அன்பர்களே, நம் பங்கில் துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் வாரம் எல்லோரும் செல்கிறோம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் நம் வருகையும் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுத் தாய்க்கோ அதன் பிறகுதான் இருள் தொடங்குகிறது. கோபே மக்கள் முப்பது ஆண்டுகள் கடந்தும் விளக்கேற்றுகிறார்கள். ஓர் ஆண்டோ ஈராண்டோ முன்பு ஒருவரை இழந்த வீடு நம் தெருவிலேயே இருக்கலாம். இந்த வாரம் ஒரு மாலை அங்கே செல்வோம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். அதுவே நாம் ஏற்றும் விளக்கு.