உஷார்! கார் மியூசியம் டூரா? திம்பத்தில் 9 மணிக்கு வழி அடைபடும்!

சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம், போளூர் பக்கத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு கோவை, மைசூரு கார் மியூசியங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களே, பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பார்க்கப் போகும் இடங்களில் எந்தக் குறையும் இல்லை. நாம் போடும் திட்டத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

வழக்கமாகப் போடும் திட்டம் இதுதான். வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, சனிக்கிழமை கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜிடி கார் மியூசியத்தைப் பார்ப்பது. அன்று மாலையே சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூரு போய்விடுவது. ஞாயிறன்று ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்கடேயின் சேகரிப்பில் உருவான 'பயணா' மியூசியம். பிறகு பெங்களூரு, வேலூர் வழியாகத் திங்கள் விடியலில் வீடு. மொத்தச் சுற்று 900 கிலோமீட்டரைத் தாண்டும். வண்டியில் ஆறு பேர் இருந்தாலும் ஓட்டுகிறவர் ஒருவர்தான். நடுவில் அவர் எப்போது தூங்குவார் என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய கண்ணி சனிக்கிழமை மாலையில் இருக்கிறது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் வரையிலான காட்டுச் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. கார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி இல்லை. கோவையில் மியூசியம் மூடும்வரை நின்று பார்த்துவிட்டு, அவினாசி சாலை நெரிசலைக் கடந்து, வழியில் டிபனும் முடித்தால் பண்ணாரிக்குப் போய்ச் சேரவே எட்டரை ஆகிவிடும். அங்கிருந்துதான் விரட்டல் தொடங்குகிறது. கேட் மூடுவதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு, முந்தைய இரவு தூங்காத ஒருவர், பழக்கமில்லாத இருட்டில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறார். விபத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு இல்லை.

மேலே ஏறிய பிறகும் நிம்மதி கிடையாது. கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் ரோட்டோரம் வந்து நிற்கும் இடம் காரப்பள்ளம், ஆசனூர் பகுதி. யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், கீழே இறங்கவே வேண்டாம். ஊட்டி, கூடலூர் வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்த வழியில் வரும் பந்திப்பூர் காட்டுச் சாலைக்கும் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை தடை உண்டு.

அடுத்த உஷார், வண்டியின் நம்பர் பிளேட்! நம் பக்கத்தில் பக்கத்துத் தெருக்காரரின் ஓன் போர்டு காரை நாள் வாடகைக்கு எடுப்பது சர்வசாதாரணம். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால், வாடகைக்கு ஓடிய வண்டி என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அந்த வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தனியார் காருக்குள் உட்கார்ந்து போகிறவர்களை அந்தப் பாலிசி காப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு குடும்பத்தின் தலையில் விழும். வாடகை என்றால் மஞ்சள் பிளேட் டி போர்டு வண்டியையே எடுங்கள். கர்நாடகா போக பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே ஓட்டுவதற்கு என்றால், கருப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்துள்ள வாடகைக் கார்தான் முறையானது.

பின் சீட் பெல்ட்டை யாரும் தொடுவதே இல்லை. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே இறந்தபோது பின் சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை. அது விலை உயர்ந்த பென்ஸ் கார். அதே 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அதுதான். நம் மாநிலத்தில் மட்டும் 17,884 பேர் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் அம்மாக்களே, தயவுசெய்து பின்னால் மாறுங்கள். ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தைக் குழந்தை தாங்காது.

வழியில் கவனிக்க வேண்டிய இடங்கள் இன்னும் சில இருக்கின்றன.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர், ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர் போனால் தூரம் குறையும் என்று மேப் காட்டக்கூடும். ஜவ்வாது மலைப்பாதையை விடியும் முன் தொடாதீர்கள். பனி மூட்டமும் குறுகிய திருப்பங்களும் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளும் மேப்பில் தெரியாது. திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர், சேலம் என்ற வழியே நல்லது.

கோவைக்குள் அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் இருக்கிறது. எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். தவறவிட்டால் பாலத்தின் மேல் நிறுத்தி வழி கேட்காதீர்கள், ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

மைசூரு - பெங்களூரு விரைவுச் சாலையில் உயிர்ப்பலிகள் குவிந்ததால் 2023இல் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் உச்ச வேகம் என்று கறாராக்கினார்கள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான பாதையில் பைக், ஆட்டோ போக முடியாது. பைக்கில் கிளம்பும் இளைஞர்களுக்கு சர்வீஸ் ரோடுதான்.

கிருஷ்ணகிரி - வேலூர் நெடுஞ்சாலையில் இரவில் ஓரம் நிறுத்திய லாரிகளும், வேலூர் - சந்தவாசல் ரோட்டில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் கடைசி நேர எமன்கள். வீடு நெருங்கிவிட்டது என்ற தைரியத்தில் கண் சொக்கும் நேரமும் அதுதான்.

அப்படியானால் எப்படிப் போவது? குறைந்தது மூன்று பகல் ஒதுக்குங்கள். முதல் நாள் விடிந்த பிறகு கிளம்பி மாலைக்குள் கோவை, அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் காலை மியூசியம் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டால் பகல் வெளிச்சத்திலேயே திம்பத்தைத் தாண்டலாம். மூன்றாம் நாள் காலை பயணாவைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். களைப்பாக இருந்தால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ரூம் போட்டுவிடுங்கள். மியூசியங்களுக்கு வார விடுமுறை உண்டு என்பதால் நாளையும் நேரத்தையும் முதல் நாளே போனில் கேளுங்கள். டயர் காற்று, ஸ்டெப்னி, பிரேக், வைப்பர் எல்லாவற்றையும் கிளம்பும் முன்தினமே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரண்டு எண்களும் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

மூன்று நாள் கிடைக்காதவர்கள் கோவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மைசூரை அடுத்த லீவுக்குத் தள்ளுங்கள். மணி எட்டைத் தாண்டியும் பண்ணாரிக்குக் கீழேயே இருந்தால் சத்தியமங்கலத்தில் தங்கிவிடுங்கள். அந்த ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்!