சூடு காட்டும் முள்ளை முழுக்க நம்பலாமா?

திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கம் சேற்றுழவு நடக்கும்போது டிராக்டரின் சூடு காட்டும் முள்ளைப் பார்க்கிறீர்களா? மின்சாரத்தில் வேலை செய்யும் முள் என்றால், அதற்குச் சேதி சொல்வது எஞ்சின் தண்ணீரில் மூழ்கி நிற்கும் சின்ன சென்சார்தான். ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் கார்களிலும் இதே ஏற்பாடுதான். தண்ணீர் ஆறியிருக்கும்போது அதன் மின்தடை சுமார் 2,500 ஓம் என்றால், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தடை குறையக் குறைய முள் ஏறும்.

இங்கேதான் சிக்கல். மாமல்லபுரம் கரையோரத்தில் உப்புக் காற்று பட்டு ஒயர் முனையில் களிம்பு பிடித்தால், அதுவும் ஒரு தடைதானே? எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். தண்ணீர் வற்றி, சென்சார் வெளியே நின்றாலும் அப்படித்தான் பொய் சொல்லும்.

ஆகையால் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். வலையில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால் தட்டிவிடுங்கள். அரை மணி நேரம் உழுதும் முள் ஏறவில்லையா? சந்தோஷப்படாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சூட்டோடு மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.